பத்து வாரத்தில் ஒரு வேஃபர்: நானோ ஃபேப்ரிகேஷனில் இளநிலை மாணவர்களுக்கான கோடை ஆய்வு

கோடை ஆய்வுக்குப் போகும் கணினித் துறை மாணவர் முதல் நாள் மாலையே வேலையைத் தொடங்கிவிடலாம். மடிக்கணினி இருக்கிறது, தரவு இருக்கிறது, அவ்வளவு போதும். நானோ ஃபேப்ரிகேஷன் ஆய்வுக்குப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. பத்து வாரத் திட்டத்தில் முதல் வாரம் பாதுகாப்பு வகுப்பு, அதற்கு ஒரு தேர்வு, கிளீன் ரூம் எனப்படும் தூசி நுழையாத ஆய்வறைக்குள் எப்படி நுழைவது என்ற பயிற்சி என்று போய்விடும். அடுத்த வாரம் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பயிற்சி. பக்கத்தில் யாரும் நிற்காமல் ஒரு கருவியைத் தொட அனுமதி கிடைப்பதற்குள் மூன்றாவது வாரம் வந்துவிடும். கடைசி வாரம் போஸ்டர், உரை, அறிக்கை. ஆக, உண்மையில் கையில் மிஞ்சுவது ஆறு வாரம், மிஞ்சிப் போனால் ஏழு. எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, அதில் எதை எதிர்பார்ப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் துறையைப் பற்றிக் கொஞ்சம். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 50,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை வரும். அதைவிட ஆயிரம் மடங்கு சிறிய கோடுகளையும் துளைகளையும் பள்ளங்களையும் சிலிக்கானிலோ கண்ணாடியிலோ பாலிமரிலோ வேண்டிய இடத்தில், வேண்டிய வடிவத்தில் உண்டாக்குவதுதான் நானோ ஃபேப்ரிகேஷன். டிரான்சிஸ்டர் மட்டும் இப்படிச் செய்யப்படுவதில்லை. லேசர், சென்சார், ஒரு துளி ரத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் நுண்குழாய்ச் சில்லு, செல்கள் ஒட்டி வளரும் பரப்பு எல்லாமே இதே கருவிகளில்தான் உருவாகின்றன. அதனால் இந்தக் கோடைத் திட்டங்களில் மின்னணுவியல் மாணவருக்குப் பக்கத்து மேசையில் உயிரியல் மாணவரையோ வேதியியல் மாணவரையோ பார்ப்பது சாதாரணம்.

இந்தக் கருவிகள் தனியொரு பேராசிரியரின் ஆய்வகத்தில் அடங்காதவை. எலெக்ட்ரான் கற்றையால் வரையும் கருவி ஒன்றின் விலை மட்டுமே பல மில்லியன் டாலர். அதைச் சுற்றி வடிகட்டிய காற்று, அதிராத தரை, தூய நீர், நச்சு வாயுக்களுக்கான குழாய்கள், இரவு பகலாகப் பராமரிக்க ஆட்கள் என்று செலவு நீண்டுகொண்டே போகும். இதற்கு அமெரிக்கா கண்ட வழி பொதுக்கூடம். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1977-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு மைக்ரானுக்கும் (ஆயிரம் நானோமீட்டர்) குறைவான அமைப்புகளுக்கான தேசிய ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. எந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் அங்கே போய், கட்டணம் கட்டி, கருவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 1994-இல் இது ஐந்து இடங்கள் சேர்ந்த வலையமைப்பாக வளர்ந்தது: கார்னெல், ஸ்டான்ஃபோர்டு, சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், ஹோவர்டு. 2004-இல் இன்னும் பெரிதானது. 2015-இல் 16 மையங்களோடு தேசிய நானோ தொழில்நுட்ப ஒருங்கிணைந்த உள்கட்டமைப்பு என்ற பெயரில், ஐந்து ஆண்டுகளுக்கு 81 மில்லியன் டாலர் நிதியோடு மறுபடி அமைக்கப்பட்டது. 2020-இல் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு 84 மில்லியன் டாலர் வந்தது.

இளநிலை மாணவர்களுக்கான கோடைத் திட்டம் இந்தப் பொதுக்கூடங்களோடு சேர்ந்தே வளர்ந்தது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளியாளுக்குக் கருவியைக் கற்றுக்கொடுப்பதே இந்தக் கூடங்களின் அன்றாடத் தொழில். ஒரு நிறுவனத்திலிருந்து வரும் பொறியாளருக்கும் வேறொரு பல்கலைக்கழகத்து முனைவர் பட்ட மாணவருக்கும் எந்தப் பயிற்சியோ, அதே பயிற்சிதான் இருபது வயது மாணவருக்கும். அவருக்கென்று விதிகள் தளர்த்தப்படுவதும் இல்லை, கருவி மறுக்கப்படுவதும் இல்லை. இந்தத் திட்டங்களின் மிகப்பெரிய சிறப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். பொதுவாக ஓர் ஆய்வகத்தில் இளநிலை மாணவர் என்றால் மூத்தவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர். இங்கே பயிற்சி முடித்த பிறகு அவர் பெயரிலேயே கருவி முன்பதிவாகும். பதிவேட்டில் அவர் பெயர் ஏறும். கருவியைச் சரியாக மூடாமல் போனால் கேள்வியும் அவரிடம்தான் வரும்.

இதற்கான பணம் பெரும்பாலும் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987-இல் தொடங்கிய இளநிலை மாணவர் ஆய்வு அனுபவத் திட்டத்திலிருந்து வருகிறது. ஆர்.இ.யூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு மையம் ஒரு கோடைக்குப் பத்துப் பேர் என்ற அளவில் எடுக்கும். வாரத்துக்கு 600, 700 டாலர் அளவில் உதவித்தொகை உண்டு. தங்குமிடத்தையும் பயணச் செலவையும் பெரும்பாலும் திட்டமே ஏற்கும். பலர் கவனிக்காத விதி ஒன்று இருக்கிறது. மாணவர்களில் கணிசமானவர்கள் வெளிக் கல்லூரிகளிலிருந்து வர வேண்டும். அதிலும் ஆய்வு வாய்ப்பு குறைந்த கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களைச் சேர்க்க மையம் தனியாக முயற்சி எடுக்க வேண்டும். எனவே 'என் கல்லூரியில் கிளீன் ரூமே இல்லையே' என்று தயங்குகிற மாணவருக்காகத்தான் இந்தத் திட்டம் இருக்கிறது. இரண்டாண்டு சமுதாயக் கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

சரி, அந்த ஆறு வாரத்தில் என்னதான் நடக்கும்? ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். வேஃபர் எனப்படும் மெல்லிய சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றின் மேல் மெல்லிய தங்கக் கோடுகள் போட வேண்டும்.

துண்டை அசிட்டோனில், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நைட்ரஜன் ஊதி உலர்த்த வேண்டும். ஈரம் போகச் சூடான தட்டில் சில நிமிடம் வைக்க வேண்டும். அப்புறம் அதைச் சுழலும் மேடையில் உறிஞ்சிப் பிடித்து, நடுவில் ஃபோட்டோரெசிஸ்ட் என்ற, ஒளி பட்டால் தன்மை மாறும் திரவத்தைச் சில சொட்டு விட்டு, நிமிடத்துக்கு 4,000 சுற்று வேகத்தில் முக்கால் நிமிடம் சுழற்றினால், ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டிய தடிமனில் சீரான படலம் கிடைக்கும். நீல ஒளி பட்டால் இந்தப் படலம் கெட்டுவிடும். அந்த அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம் இருப்பது அதனால்தான். படலத்தை 115 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடாக்கி, கோடுகளின் வடிவம் பதித்த கண்ணாடித் தகடான மாஸ்க்கின் கீழ் வைத்துப் புற ஊதா ஒளி காட்டி, டெவலப்பர் கரைசலில் ஒரு நிமிடம் அசைத்தால், ஒளி பட்ட இடமெல்லாம் கரைந்து கோடுகள் திறந்துகொள்ளும். இனி துண்டை வெற்றிட அறைக்குள் மாட்டிவிட்டு, அழுத்தம் வளிமண்டல அளவில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு உலோகத்தை ஆவியாக்கி அதன் மேல் படியவிட வேண்டும்: பிடிமானத்துக்கு 5 நானோமீட்டர் டைட்டானியம், அதன் மேல் 50 நானோமீட்டர் தங்கம். கடைசியில் துண்டை அசிட்டோனில் ஊற வைத்தால் கீழேயுள்ள ரெசிஸ்ட் கரையும். அதன் மேல் படிந்திருந்த தங்கம் பாலாடை சுருங்கி மிதப்பதுபோலக் கழன்று வரும். நமக்கு வேண்டிய கோடுகள் மட்டும் சிலிக்கானில் ஒட்டியிருக்கும். லிஃப்ட்-ஆஃப் என்று இதற்குப் பெயர்.

எழுதிப் படிக்கும்போது எல்லாம் நேராகப் போகிறது. முதல் முறை செய்யும் மாணவருக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, தங்கம் கழன்றே வராது. ரெசிஸ்ட் சுவர்களின் பக்கவாட்டிலும் தங்கம் படிந்து, மேலும் கீழும் ஒரே தகடாகிவிட்டால், அசிட்டோன் உள்ளே நுழைய வழியிருக்காது. அல்லது எல்லாமே கழன்று வந்துவிடும், வேண்டிய கோடுகள் உட்பட. டெவலப்பரில் அசைத்த பிறகும் திறந்த இடத்தின் அடியில் சில நானோமீட்டர் ரெசிஸ்ட் எச்சம் தங்கியிருந்தால், தங்கம் உண்மையில் சிலிக்கானில் ஒட்டியிருக்காது. எச்சத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் இந்த எச்சம் தெரியாது. முதல் சிக்கலுக்கு இரண்டடுக்கு ரெசிஸ்ட் போட்டு, கீழடுக்கு சற்று உள்வாங்கி நிற்கும்படி செய்வார்கள். இரண்டாவதுக்கு ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சில விநாடி காட்டி எச்சத்தை எரித்துவிடுவார்கள்.

இரண்டிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது. தவறு நடந்தது செவ்வாய்க்கிழமை. தெரிய வந்தது வெள்ளிக்கிழமை. நடுவில் நான்கு படிகள். எந்தப் படியில் பிழை என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு படியிலும் என்ன செய்தோம், என்ன பார்த்தோம் என்று அன்றன்றே எழுதியிருக்க வேண்டும். ஒரு துண்டுக்குப் பதில் மூன்று துண்டுகளை எடுத்து, ஒன்றைப் பாதியில் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் லித்தோகிராஃபி, அதாவது ரெசிஸ்டில் வடிவம் பதிக்கும் இந்த முறை, ஓர் அத்தியாயம், அதற்கு ஒரு சமன்பாடு, ஒரு படம். கையால் செய்யும்போது அது வரிசையாகக் கோத்த முப்பது சின்ன முடிவுகள். இந்த வேறுபாட்டை வகுப்பறையில் கற்பிக்க முடியாது என்பதால்தான் இத்தனை செலவு செய்து மாணவரை உள்ளே அழைத்து வருகிறார்கள்.

இந்தத் துறையின் வரலாற்றிலேயே இதற்கு அழகான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1959 டிசம்பர் 29-இல் கால்டெக்கில் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பேசிய புகழ்பெற்ற உரையின் முடிவில், ஒரு புத்தகப் பக்கத்தை 25,000 மடங்கு சிறிதாக்குபவருக்கு 1,000 டாலர் பரிசு அறிவித்தார். 1985-இல் ஸ்டான்ஃபோர்டின் முனைவர் பட்ட மாணவர் டாம் நியூமன், எலெக்ட்ரான் கற்றையால் ஒரு நாவலின் முதல் பக்கத்தை அந்த அளவில் எழுதிப் பரிசை வென்றார். எழுதியதைவிடச் சிரமமாக இருந்தது, எழுதிய பக்கம் அந்தப் பரப்பில் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான். இன்றைக்கு முதல்முறை எலெக்ட்ரான் கற்றைக் கருவியில் உட்காரும் மாணவருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது, மூலைகளில் பெரிய அடையாளக் குறிகள் போடு என்பதுதான். குறி போட மறந்தவர் அரை நாள் மைக்ரோஸ்கோப்பில் தேடுவார். அடுத்த முறை மறக்கமாட்டார்.

உள்ளே நுழைவதே தனிப் பழக்கம். தலைக்கு வலை, அதன் மேல் முக்காடு, உடல் முழுக்க மூடும் அங்கி, காலுறை, கையுறை என்று இதே வரிசையில், அங்கி தரையில் படாமல் போட வேண்டும். பழைய அமெரிக்க அளவீட்டில் நூறாம் வகுப்பு அறை என்றால், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக்கூடாது. இந்த அறையில் அழுக்குக்கு மூலமே மனிதர்தான்: தோல், முடி, மூச்சு, முகப்பூச்சு. சாதாரணக் காகிதமும் பென்சிலும்கூட அனுமதி இல்லை. இழை உதிராத தனிக் காகிதத்தில் பேனாவால்தான் எழுத வேண்டும்.

பாதுகாப்பு வகுப்பை நேர விரயம் என்று நினைக்கிற மாணவர்கள் உண்டு. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பற்றிய பகுதி வந்ததும் அந்த எண்ணம் மாறிவிடும். சிலிக்கான் டையாக்சைடைக் கரைக்க இந்தத் துறையில் இது தவிர்க்க முடியாதது. நீர்த்த கரைசலாக இருந்தால் தோலில் பட்டவுடன் எரிச்சல்கூட இருக்காது. வலி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அளவு கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால்தான் இந்த அமிலத்தைக் கையாளும் மேடைக்குப் பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எப்போதும் இருக்கும். யாரும் தனியாக அங்கே வேலை செய்யக்கூடாது. இந்த விதிகளில் எந்த மையமாவது அலட்சியமாக இருப்பதைப் பார்த்தால், அதன் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அங்கிருந்து விலகுவதே சரி.

இனி தேர்வு. பல விண்ணப்பங்களில் திட்டங்களின் பட்டியல் கொடுத்து விருப்ப வரிசை கேட்பார்கள். மாணவர்கள் பெரும்பாலும் தலைப்பில் மயங்கிவிடுகிறார்கள். குவாண்டம் என்ற சொல் இருந்தால் அதற்குத்தான் முதலிடம். நான் வேறுவிதமாகப் பார்க்கச் சொல்வேன். புதிய சாதனத்தை முதலிலிருந்து உருவாக்கி அளந்து காட்டுகிற திட்டத்துக்கு ஆறு வாரம் போதாது. மாணவர் கடைசியில் ஒரு பகுதியை மட்டும் செய்திருப்பார். மீதியை வழிகாட்டி செய்திருப்பார். அதற்குப் பதிலாக 'சிலிக்கானை அரித்துப் பள்ளம் உண்டாக்கும் இந்தப் பொறிப்புக் கருவியில் வாயுக் கலவையை மாற்றினால் பள்ளத்தின் சுவர் எவ்வளவு நேராக வருகிறது' என்பதுபோன்ற எளிய கேள்வியை எடுத்துக்கொண்டால், இருபது, முப்பது துண்டுகளைத் தானே செய்து, தானே வெட்டி, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தானே அளந்து, ஒரு வரைபடத்தைத் தன் உழைப்பு என்று காட்டலாம். கேட்க இது சாதாரணம்தான். ஆனால் அந்த வரைபடத்தை அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தக் கூடத்தில் எல்லாரும் எடுத்துப் பார்ப்பார்கள்.

வழிகாட்டியோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் கூச்சப்படாமல் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். கருவிகளை நானே இயக்குவேனா? தொடங்கும்போது ஓடுகிற செய்முறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா, அல்லது அதையே நான்தான் உருவாக்க வேண்டுமா? முக்கியமான கருவி பழுதானால் மாற்று வழி என்ன? கடைசிக் கேள்வி வெறும் எச்சரிக்கைக்காகக் கேட்பதல்ல. வெற்றிடக் கருவி ஒன்றில் பம்ப் கெட்டால் இரண்டு வாரம் போய்விடும். பத்து வாரத்தில் இரண்டு வாரம் என்பது ஐந்தில் ஒரு பங்கு. நல்ல வழிகாட்டி இதை முன்பே யோசித்து, கணினியில் செய்யக்கூடிய ஒரு கணக்கையோ பழைய சில்லுகளில் எடுக்கக்கூடிய ஓர் அளவீட்டையோ கையிருப்பில் வைத்திருப்பார். அதோடு, அன்றாடம் உங்களுக்கு வழிகாட்டப் போவது பேராசிரியர் அல்ல, ஒரு முனைவர் பட்ட மாணவர். அவர் அந்தக் கோடையில் ஊரில் இருப்பாரா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் முடிந்துவிடும். ஆக, டிசம்பர் தேர்வுகளுக்கு முன்பே பரிந்துரைக் கடிதம் கேட்டாக வேண்டும். மதிப்பெண் பட்டியல், இரண்டு பரிந்துரைகள், ஒரு பக்க அளவில் நோக்க உரை — கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். முன் அனுபவம் தேவையில்லை. நோக்க உரையில் சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம் என்று எழுதுவதைவிட, கையால் எதையாவது செய்து, அது கெட்டு, ஏன் கெட்டது என்று தேடிய கதையை எழுதினால் தேர்வுக்குழு நின்று படிக்கும். அது சாலிடர் செய்த சர்க்யூட்டாக இருக்கலாம், வேதியியல் வகுப்பில் படியாத வீழ்படிவாக இருக்கலாம். பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். ஐம்பது பேர் வகுப்பில் முதல் மதிப்பெண் என்று எழுதும் பேராசிரியரைவிட, ஆய்வகத்தில் உங்களை நேரில் பார்த்த உதவிப் பேராசிரியரின் கடிதம் கனமானது.

ஒரு தடை பெரியது. ஆர்.இ.யூ. பணத்தில் சேர அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். மாணவர் விசாவில் படிக்கிறவர்கள் இதில் சேர முடியாது. அவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியில் நடக்கும் கோடைத் திட்டங்களைத் தேட வேண்டும், அல்லது நேரடியாகக் கூடத்தில் மாணவர் உதவியாளர் வேலை கேட்க வேண்டும். கால்டெக் 1979 முதல் நடத்திவரும் சர்ஃப் என்ற கோடை ஆய்வுத் திட்டத்தில் மாணவரே வழிகாட்டியோடு சேர்ந்து ஆய்வுத் திட்டத்தை எழுதித் தர வேண்டும். அங்கே காவ்லி நானோ அறிவியல் நிறுவனத்தின் கிளீன் ரூம் இருக்கிறது. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டம் வேறு நாட்டு மாணவர்களைப் பன்னிரண்டு வாரம் அழைக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அரசு நிதி ஆண்டுக்காண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. 2025-இல் பல வளாகங்கள் அந்தக் கோடைக்கான திட்டங்களைக் கைவிட்டன. எனவே அந்த ஆண்டுக்கு நிதி உறுதியாகிவிட்டதா என்று ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்ட பிறகு விண்ணப்பிப்பது நல்லது. ஒரே இடத்தை நம்பியிருக்கவும் கூடாது.

இத்தனை முயற்சி எதற்கு என்று கேட்டால், தொழில்துறைக் கணக்கு ஒன்று சொல்வார்கள். 2022-இல் வந்த அமெரிக்காவின் சிப்ஸ் சட்டம் செமிகண்டக்டர் (மின்னணுச் சில்லு) துறைக்காக 52.7 பில்லியன் டாலர் ஒதுக்கியது. 2030-க்குள் அமெரிக்காவில் இந்தத் துறையில் ஏறத்தாழ 67,000 வேலைகளுக்கு ஆள் கிடைக்காமல் போகலாம் என்று அந்நாட்டு செமிகண்டக்டர் தொழில் சங்கம் 2023-இல் மதிப்பிட்டது. வேலைவாய்ப்பு உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆலையில் வேஃபரை மனிதக் கை தொடுவதே இல்லை, எல்லாம் இயந்திரம். ஒரு செய்முறையின் எல்லாப் படிகளையும் ஒரே ஆள் தன் கையால் கடந்து பார்க்கிற இடம் பல்கலைக்கழகக் கூடம் மட்டும்தான். பின்னாளில் ஆலையில் ஒரே ஒரு படியைக் கவனிக்கப் போகிறவருக்கு, அந்தப் படிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பது இங்கேதான் தெரியவரும்.

ஆகஸ்ட் மாதம் எல்லா மையங்களின் மாணவர்களும் ஓரிடத்தில் கூடித் தங்கள் வேலையை ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்வது இந்த வலையமைப்பின் வழக்கமாக இருந்தது. சிறப்பாகச் செய்தவர்களை அடுத்த கோடையில் ஜப்பானின் சுகுபா நகரிலுள்ள தேசியப் பொருள் அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களுக்கு அனுப்பிய வரலாறும் உண்டு. ஊருக்குக் கிளம்பும் முன் மாணவர் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று இருக்கிறது: தன் செய்முறைத் தாளை, சுழற்சி வேகம், சூடாக்கிய நேரம், எந்தத் தேதியில் எது கெட்டது என்பதுவரை திருத்தி, கூடத்தின் பொதுக்கோப்பில் வைப்பது. அடுத்த ஜூனில் அதே கருவிக்கு முன்னால் வந்து நிற்கும் புதிய மாணவர், முதலில் அதைத்தான் திறப்பார்.